டேப்லட்டின் நெற்றி

அன்பு மகள் மாதவிக்கு, அம்மா விமலா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். இந்தத் தடவை அதைச் சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனைத் தாளையே மடித்து இதனுள் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்துக்கொள். அந்தக் காப்பிட் ஊரில் உன் கிளினிக் வேலையும் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நேற்று "எனக்கு ஒன்றும் இல்லை, விவரம் கடிதத்தில்" என்று நான் அனுப்பிய செய்திக்கு, "ஏம்மா கடிதம், போன்லயே சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அப்பா பின்னாலிருந்து கத்துவார், நடுவில் லைன் அறுந்துவிடும். முறுக்குப் பொட்டலத்தோடு இதுவும் வரட்டும், நிதானமாகப் படி.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய டேப்லட்டைப் பற்றித்தான். பதினைந்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வான், விலை குறைந்த சாமான் என்பதால் நன்றாகச் சோதித்துப் பாருங்கள், தயவு தாட்சண்யம் பார்க்காமல் மார்க் போடுங்கள் என்று சொல்லியிருந்தாய். பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் நட்சத்திரம் ஒட்டுகிறவள் நான், ஆனாலும் நீ சொன்னதற்காகக் கண்டிப்பாக இருந்தேன். புத்தகம் படிப்பதற்குத்தான் எனக்கு அது வேண்டும், நீ பிறப்பதற்கு முந்திய மாதம் ஒரு நாவலை முடித்தேன், அதற்குப் பிறகு முழுதாகப் படித்தது பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகமும் மருந்துப் பாட்டிலில் ஒட்டிய தாளும்தான். இதில் எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று கண்டுபிடித்த அன்று மூக்குக்கண்ணாடியைத் தேடாமலேயே நாற்பது பக்கம் படித்துவிட்டேன். ஆனாலும் மார்க் என்று உட்கார்ந்ததும் கை தானாகக் குறைத்தது. சத்தம் அமுங்கிக் கேட்கிறது, குறை. ட்யூப்லைட் அப்படியே திரையில் தெரிகிறது, குறை. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கின்மேல் விழுகிறது, இரண்டு தடவை விழுந்தது, அதற்கும் குறை.

இதற்கிடையில் அப்பா செய்த வேலையைக் கேள். டேப்லட் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, புதுச் சாமானைப் பூஜை போடாமல் தொடக்கூடாது என்று எஸ்டேட் வாசலில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூசாரி மாயாண்டி அண்ணன் தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "வண்டி எங்கய்யா?" என்று ரோட்டைப் பார்த்திருக்கிறார். அப்பா கையில் இருந்ததைக் காட்டி, "இதான் வண்டி, என் பொண்டாட்டி ஓட்டுறது" என்றாராம். அண்ணன் அசரவில்லை. எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து அதன்மேல் டேப்லட்டை மூன்று தடவை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, "இதுக்கு நெத்தி எங்க லா?" என்று கேட்டிருக்கிறார். இருவரும் கூடி ஆராய்ந்து மேலே நட்டநடுவில் ஒரு சின்னப் புள்ளி இருப்பதைப் பார்த்து, கம்பெனிக்காரனே பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறான் என்று முடிவு செய்து அங்கேயே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் துணியால் துடைத்தேன், போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

முதல் ஞாயிறு உனக்கு டியூட்டி, அதனால் நீ கூப்பிடவில்லை. இரண்டாவது ஞாயிறு டேப்லட்டில் வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும் நீ கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, என்னம்மா இவ்ளோ மஞ்சளா இருக்கீங்க, கண்ணக் கீழ இழுத்துக் காட்டுங்க, நாக்க நீட்டுங்க" என்றாய், நான் நீட்டினேன், நாக்கும் மஞ்சள். நாளைக்கே கிளினிக் போகச் சொல்லிவிட்டு நீ அழுதே விட்டாய். அப்பா எப்போதும்போல் பின்னால் நின்று கத்தாமல் ஒரு நிமிடம் தலையைத் திரைக்குள் நீட்டியிருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும். நீ போனை வைத்ததும் அறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தேன். அதைச் சொன்னதற்கு அப்பா, "அந்தக் கண்ணாடி நம்ம கல்யாணத்துக்கு வாங்கினது, அதுக்கு என்னா தெரியும், இது புதுசு லா" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முகம் மங்கலாகத் தெரிவது கேமராவின் குற்றம், மஞ்சளாகத் தெரிவது என் ஈரலின் குற்றம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தோம், இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று காலேஜ் படித்த எனக்குத் தோன்றவில்லை பார்.

கிளினிக் இருக்கட்டும், முதலில் இது என்று திங்கள் காலை அப்பா செம்பனை மரத்தடியில் கீழாநெல்லி பிடுங்கி வந்து மோரில் அரைத்துக் கொடுத்தார். மூன்று காலை குடித்தேன். உப்பில்லை, எண்ணெய் இல்லை, மிளகாய்ச் சம்பால் இல்லை. நான் கஞ்சி குடிக்க, அப்பா எனக்குத் துணையாகப் பத்தியம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நெத்திலி போட்ட நாசி லெமாக் சோறு சாப்பிட்டு வந்தார், சட்டையில் நெத்திலித் தலை ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா வந்து என்னைப் பார்த்து, "நல்லாத்தான இருக்க, உக்காந்து திங்கவா இந்த வேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் திங்கள்கிழமையே மார்க்கையும் கூட்டினேன். கேமராவுக்குச் சுழியம், மொத்தம் முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே என்றால் பெயில், வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி கூரியருக்குப் பதிந்துவிட்டேன். பூஜை போட்ட சாமானைத் திருப்பி அனுப்பினால் முனியாண்டி சும்மா விடமாட்டார் என்று அப்பா குதித்தார், நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அதைப் பெட்டியில் போடவும் இல்லை, படித்துக்கொண்டே இருந்தேன்.

புதன் மத்தியானம் போர்டிக்சன் டவுனுக்குப் போய் டாக்டர் தம்பிராஜாவைப் பார்த்தோம். அவர் கண், நாக்கு, நகம், வயிறு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றார். நான் விடவில்லை, சாட்சிக்கு டேப்லட்டையே கொண்டு போயிருந்தேன், திறந்து என் முகத்தைக் காட்டினேன். "இஞ்ச குடுங்கோ டீச்சர்" என்று வாங்கித் தன் பக்கம் திருப்பினார், அவரும் மஞ்சள். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்தப் பெண்ணும் மஞ்சள். மீன் தொட்டியில் இருந்த வெள்ளை மீனைக் காட்டினார், அதற்கும் காமாலை. பிறகு கேமரா இருக்கும் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல சந்தனம், ஆர் வச்சது?" என்று கேட்டார். அப்பா தலையை அண்ணாந்து கூரையில் சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வந்தது வந்துவிட்டீர்கள் என்று ரத்தமும் எடுத்தார். மறுநாள் தாள் வந்தது, எல்லாம் சரி.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது, தாயம்மா அக்கா எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். கூரியரை நிறுத்த வேண்டும் என்பது எனக்கு மறந்தே போனது. வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, திருப்பி அனுப்பவே கூடாது என்று குதித்த அதே மனிதர் தன் கையாலேயே பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, கூரியர் வேன் ஓட்டும் ஆறுமுகம் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். நான் மோட்டார் சைக்கிளில் வீடு வந்தபோது மேசை காலி. நாவலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன் மாதவி, அந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்று படியில் நிற்கிறாள். மோட்டாரைத் திருப்பி மண் பாதையில் விரட்டினேன், இந்த வயதில் அப்படி ஓட்டியது தெரிந்தால் நீ திட்டுவாய். நல்ல வேளை, ஆறுமுகம் அண்ணன் எந்தக் கோயில் வாசலைத் தாண்டினாலும் இறங்கிக் கும்பிடுகிறவர், முனியாண்டி கோயில் முன்னால் வேனை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, அது என்னோடது, குடுங்க" என்று கத்தினேன். அவர் பெட்டியை எடுத்துத் தந்தபடி, "கொண்டாந்தேன், கொண்டு போறேன், இப்ப திரும்பக் குடுக்குறேன், ஒங்க வீட்டுக்கு இனிமே கல்லு அனுப்பினாலும் எனக்குச் சந்தேகந்தான் டீச்சர்" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "என்னோடது" என்று நான் கத்தியது எனக்கே புதிதாக இருந்தது. என் கைப்பையில்கூட அப்பாவின் மாத்திரையும் பள்ளிக்கூடச் சாவியும்தான் இருக்கும். எனக்கென்று ஒன்று வந்ததும் அதை வைத்துக்கொள்ளத் தெரியாமல் குற்றம் தேடியிருக்கிறேன். சத்தம் அமுங்கியது ஸ்பீக்கர் ஓட்டையை என் உள்ளங்கை மூடியதால், திருப்பிப் பிடித்ததும் கணீர் என்கிறது. ட்யூப்லைட் தெரிந்தது நான் அதன் அடியிலேயே உட்கார்ந்ததால். மூக்கில் விழுந்தது நான் தூங்கிப்போனதால். கண்டிப்பான டீச்சராக உண்மையான குறையையும் சொல்லிவிடுகிறேன், வெயிலில் எடுத்துப் படித்தால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, என் முகம்தான் தெரிகிறது. படம் திறப்பதற்குள் அப்பா ஒரு தே தாரிக் டீ ஆற்றிவிடுவார். சார்ஜ் ஏற அரை நாள் ஆகிறது, ஆனால் படிப்பதற்கு மட்டும் என்றால் இரண்டு நாள் தாங்குகிறது. பழைய புத்தகங்களில் சிலது பக்கம் கோணலாகப் படம் பிடித்திருக்கிறார்கள், அது டேப்லட்டின் குற்றம் இல்லை. எழுபத்துநான்கு மார்க், பாஸ். நட்சத்திரமும் ஒட்டிவிட்டேன், பின்பக்கத்தில், கேமராவைத் தொடாமல்.

உனக்கு எல்லாச் செல்வமும் தேக சுகமும் கிடைத்து, நீ நினைத்தது நடக்க முனியாண்டி துணையிருப்பார். ஞாயிறன்று நான் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதே, வெள்ளிக்கிழமை பூசிய மஞ்சள் மிச்சம் இருக்கும். அந்தப் பெண் படியிறங்கிப் போய்விட்டாள், இருநூற்றுப் பதினேழாம் பக்கம், நான் போய் அவள் எங்கே போகிறாள் என்று பார்க்க வேண்டும். முறுக்குப் பொட்டலத்தில் அப்பா கொடுத்த திருநீறு இருக்கிறது, உன் நெற்றியில் வைத்துக்கொள், போனுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் படித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா,
விமலா திருநாவுக்கரசு