அமைச்சர் சல்கெய்ருவின் பதவி விலகலை மேடையில் மறைத்தது குறித்து

அனுப்புநர்:
மன்றத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்,
எல்லர்ஸ்லி, ஆக்லாந்து.

பெறுநர்:
திரு. லெட்சுமணன் அவர்கள்,
தலைவர், முன்றில் தமிழ் மன்றம்,
ஆக்லாந்து.

பொருள்: பொங்கல் விழாச் சிறப்பு விருந்தினரின் பணிவாழ்வைத் தவறாக அறிவித்தமை – எழுத்துமூலம் திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். மன்றமே தன் பிழையை உணரும் என்று காத்திருந்தேன். வந்து சேர்ந்தது மன்ற இதழ்தான். அதிலும் அதே பொய், இம்முறை வண்ணப் படத்துடன்.

1. திரு. அபீலியு சல்கெய்ரு போர்ச்சுகலில் மீன்வளத் துறை அமைச்சராக இருந்தவர். மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை செய்த பெண்ணின் மகன். சட்டம் படித்து, துறைமுகத் தொழிலாளர்களுக்காக வழக்காடி, இரண்டாம் முயற்சியில் நாடாளுமன்றம் சென்றார். அமைச்சர் பதவியில் இரண்டு ஆண்டுகள்கூட இருக்கவில்லை. பழுதான மீன்பிடிக் கப்பல் ஒன்றுக்கு அவரது துறை உரிமத்தை நீட்டித்தது. அது கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தனர். அந்தக் கோப்பு அவர் மேசைக்கு வந்ததே இல்லை. விசாரணையும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் கேட்கும் முன்பே பதவி விலகினார். ஒன்பது வீடுகளுக்கும் நேரில் சென்றார். ஒரு வீட்டில் முகத்தில் உமிழ்ந்தார்கள், துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் எந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை.

2. மனைவி இறந்தபின் மகளுடன் இருக்க வந்தவர், நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டில் வசிக்கிறார். துணி காயப்போடும் இடத்தில் அறிமுகமானோம். வெலிங்டனிலிருந்து என் மகன் நிதின் எப்போதாவது ஆங்கிலத்தில் அனுப்பும் இரண்டு வரிகளைத் தவிர எனக்கு வேறு பேச்சுத் துணை இல்லை. ஞாயிறு காலைகளில் அவர் வீட்டில் காப்பி குடிப்பேன். இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. ஆகவே மெதுவாகப் பேசிக்கொள்வோம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

3. விழாவுக்கு எப்படியும் ஓர் அமைச்சர் வேண்டும் என்று தங்கள் செயலாளர் திரு. விநாயகமூர்த்தி அலைந்தார். உள்ளூரில் எவரும் கிடைக்கவில்லை. முன்னாள் என்றாலும், எந்த நாடு என்றாலும் பரவாயில்லை என்றார். நான் இவரை அழைத்து வந்தேன். அறிமுகக் குறிப்பை எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே செயலாளரிடம் கொடுத்தேன். எப்சம் மண்டபத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கப்பட்டது வேறொன்று. அதில் அவர் துணைப் பிரதமர். பதவிக்காலத்தை மக்கள் போற்ற முழுமையாக நிறைவு செய்தவர். கப்பல் இல்லை. ஒன்பது பேர் இல்லை.

அவர் எழுந்து மைக்கை நோக்கிக் கை நீட்டினார். அந்தக் கையின் மேலேயே பொன்னாடையைப் போர்த்தினீர்கள். தாங்களே போர்த்தினீர்கள், ஐயா. கைதட்டல் அடங்குவதற்குள் சிறுமிகளின் கும்மிப் பாட்டு தொடங்கிவிட்டது. செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணை, பொங்கல் மேடையில ராஜினாமா, செத்தவை எண்டெல்லாம் கதைக்கலாமே? ஆளைக் கூப்பிட்டு அவமானப்படுத்தின மாதிரியெல்லோ போகும்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உடனே மேடையில் திருத்தம் சொல்லும்படி கேட்டேன். சாப்பாடு ஆறுகிறது என்று தட்டைக் கையில் கொடுத்தார்.

4. திரு. சல்கெய்ருவும் நானும் காரில் வீடு திரும்பினோம். காரை விட்டு இறங்கும்போது, “என் பதவியில் நானாகச் செய்தது அந்த விலகல் ஒன்றுதான். என்னிடம் ஒன்றை வாசித்துவிட்டு அவர்களிடம் வேறொன்றைக் கொடுத்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. அன்றுமுதல் நான் கதவைத் தட்டினால் மகள்தான் வருகிறார். அப்பா தூங்குகிறார் என்கிறார். உள்ளே வானொலியில் போர்ச்சுகீசியச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இம்மாத இறுதியில் வெஸ்ட்கேட்டில் வாங்கியுள்ள புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அதற்குப் பிறகு தட்டுவதற்கு எனக்குக் கதவும் இருக்காது.

ஆகவே, அவர்கள் குடிபெயரும் முன்பு, மன்றத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அவருக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன். அவர் பதவி விலகினார் என்பதும், கொடுக்கப்பட்ட குறிப்பில் அது இருந்தது என்பதும், அதை நீக்கியது மன்றமே என்பதும் அதில் இருந்தால் போதும். மன்னிப்புக்கூட வேண்டாம். அடுத்த இதழில் அதையே தமிழில் வெளியிடுங்கள்.

இடம்: எல்லர்ஸ்லி
நாள்: பெப்ரவரி 9

இவ்வளவு எழுதியவன் கையொப்பம் இடுவதுதான் முறை. இட்டும் பார்த்தேன். மன்ற நூலக அலமாரியைப் பூட்டி வைத்தது பற்றியும், இலக்கிய மாலையில் என் கட்டுரையைப் பாதியில் நிறுத்தியது பற்றியும் நான் எழுதியவை செயற்குழுவில் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். கீழே இருந்த பெயரைப் பார்த்ததும் மேலே இருந்ததை யாரும் படிக்கவில்லை. அந்தக் குறைகளை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் அவற்றோடு சேர்த்து இதையும் ஒதுக்கிவிட்டால் நட்டம் அந்த மனிதருக்கு. எழுதியவன் யார் என்பது தங்களுக்குத் தெரியாமல் போகாது. குழுவில் வாசிக்கும்போது மட்டும் அதைச் சொல்லாதிருங்கள். கையொப்பமிட்ட தாளைக் கிழித்துவிட்டேன். இந்தப் பிரதியைப் பெயரில்லாமலே தபாலில் போடுகிறேன்.