உங்கள் பல்லுக்கு என் கன்னம்

அண்ணி,

இன்று காலை மகள் வந்தாள். முந்தாநாள் செங்கல்பட்டில் கடைவாய்ப்பல் பிடுங்கினார்களாம். கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கிட்டே போனால் லவங்கத் தைலத்தின் வாசனை. பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு மருமகன் வந்தான். மகளின் கன்னத்தைப் பார்த்த மறு நொடி நான் பார்த்தது அந்தப் பிள்ளையின் கையைத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நான் பையைக் கேட்கிறேன் என்று நினைத்து அதை நீட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மோரைக் குடித்துவிட்டு உடனே கிளம்பியும் விட்டான்.

மகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீங்கள் இருந்திருந்தால், "ஏம்மா தனம், ஒரு பல்லுக்கா இம்மாம் பயப்படற?" என்று சிரித்திருப்பீர்கள். போன தை மாதம் வரைக்கும் இருந்தீர்கள். இப்போது இதை யாரிடம் சொல்வது? உங்களிடமே சொல்கிறேன்.

நமக்கு ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம். சாலவாக்கத்துப் பெண்ணான நீங்கள் திருப்புலிவனத்தில் என் அண்ணனுக்கு. திருப்புலிவனத்துப் பெண்ணான நான் இங்கே உங்கள் தம்பிக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு பெண்களும் பத்திரமாக இருப்பார்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பத்திரம்தான்! அங்கே என் அம்மா உங்களை ஒரு சொல் சொன்னால், சந்தைக்கு வந்தவர்கள் வாய் வழியாக அது இங்கே வந்து, அதே சொல் உங்கள் அம்மாவின் வாயிலிருந்து என் மேல் விழும். தீபாவளிக்கு உங்களுக்கு நூல் புடவைதான் என்று தெரிந்தால் எனக்கு எடுத்த பட்டு பெட்டிக்குள் போய்விடும். கோயிலில் பார்த்துக்கொண்டால் நீங்கள் கேட்கிற முதல் கேள்வியே, "இந்த வாரம் உனுக்கு இன்னா வுழுந்திச்சி?" என்பதுதான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அதுவரை சொல்லோடு நின்றிருந்தது. அதனால் சிரிக்க முடிந்தது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்த சமயம் உங்களுக்குக் கடைவாயில் பல் முளைத்தது. வளர்ந்த பெண்ணுக்குப் புதுப் பல்லா என்று என் அம்மா கேலி பேசினாளாம். ஈறு கிழிந்து, சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வரை கன்னம் ஏறிவிட்டது. தாடை பூட்டிக்கொண்டு வாயில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. லவங்கத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் விதை நெல் கேட்டு உங்கள் தம்பி அங்கே வந்தார். எச்சில் ஒழுகும் வாயை அவர் பார்க்கக் கூடாது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். "இன்னாக்கா மூஞ்சி?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். என் அண்ணனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "வாயி கொஞ்சம் நீண்டுபோச்சி மச்சான். அதான் ஒண்ணு வுட்டேன்" என்றார். மாமன் மச்சான் கேலி. அதற்கு முந்தின தடவை, உங்களைச் சந்தையில் விற்றுவிட்டதாகச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான். இந்தத் தடவை ஒருவர் மட்டும் சிரித்தார். உங்கள் தம்பி தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துவிட்டார்.

நான் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். திரும்பிய கன்னத்திலேயே விழுந்தது அறை. நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாய் நிறைய ரத்தம். என்ன என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் காதோடு சேர்த்து இன்னொன்று. "இது எங்க அக்காவுக்கு" என்றார். கொண்டையைப் பிடித்து நிமிர்த்தி மறுபடியும் அறைந்தார். நெல்லின் மேல் விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பில் உதைத்தார். இடது காதில் அன்று புகுந்த ரீங்காரம் இன்னும் போகவில்லை, அண்ணி.

உங்கள் அம்மா ஓடி வந்தார். "டேய், இன்னாடா ஆச்சி உனுக்கு?" என்று என்னைத் தூக்கக் கையை நீட்டினார். "மாமன் அக்காவை மூஞ்சிலயே அட்ச்சிக்கீறாரும்மா" என்றார் உங்கள் தம்பி. நீட்டிய கை அப்படியே நின்றது. "அப்ப வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அறையைவிட அதுதான் ஆறவில்லை.

மறுநாளே சேதி திருப்புலிவனம் போய்விட்டது. என் அண்ணன் மாடு ஓட்டுகிற தார்க்கோலைத் தூக்கிக்கொண்டு உங்கள் தம்பியை அடிக்கக் கிளம்பினாராம். என் அம்மா தடுத்தாளாம். "எதுக்குடா அம்மாந்தூரம் போற? அவன் அக்கா இங்கதான கீறா." என்னைப் பெற்றவள் சொன்ன சொல் இது. நீங்கள் இதை என்னிடம் சொல்ல எத்தனையோ வருஷம் தயங்கினீர்கள்.

அண்ணன் அடுப்படிக்கு வந்து கையை ஓங்கினார். நீங்கள் ஓடவில்லை. ஓங்கிய கையை எட்டிப் பிடித்து உங்கள் கன்னத்தின் மேலேயே வைத்து அழுத்தினீர்கள். கன்னம் தோசைக்கல்லாகச் சுட்டதாம். அழுத்திய அழுத்தலில் உள்ளே கட்டி உடைந்து, சீழும் ரத்தமும் பல் இடுக்கு வழியாக வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்கியது. அப்போதுதான் அந்த மனுஷனுக்குப் பயம் வந்தது. தன் விளையாட்டுப் பேச்சு எங்கே போய் விழுந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பஸ் ரோடு வரைக்கும் வண்டி கட்டினார்.

காஞ்சிபுரத்தில் பல் டாக்டர், வீக்கம் வடியாமல் பல்லில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டீர்கள். வாய் திறந்த பிறகுதான் குறடு வந்தது. அதை நீங்கள் எனக்குச் சொன்ன அழகே தனி. "ஊசி போட்டதும் ஒதடு நம்ம ஒதடாவே இருக்காது தனம். வலி தெரியாது, ஆனா சத்தம் கேக்கும். மண்டைக்குள்ளாற கட்டை பொளக்கிற மாதிரி சத்தம். நாக்காலி காலை ஒதைச்சிக்கினு இழுக்கறாரு, அது வருவேனாங்குது. உளியை வச்சித் தட்டுனாரு. தாடையே கயண்டு வந்துட்ச்சின்னு நெனச்சேன்." பஞ்சைக் கடித்துக்கொள், காறித் துப்பாதே, சூடாக எதுவும் குடிக்காதே, கஞ்சியை ஆற வைத்துக் குடி, நாளைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பெயர் ஞானப்பல் என்றாராம். நம் இரண்டு வீட்டு ஆண்களுக்கும் அது முளைக்கவே இல்லை போலிருக்கிறது.

பஸ் திருப்புலிவனத்தில் நின்றதும் அண்ணன் இறங்க எழுந்தாராம். நீங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்களாம். உத்திரமேரூரில் இறங்கி, வண்டி பிடித்து நேராக இங்கே வந்தீர்கள்.

நான் களத்தில்தான் இருந்தேன். என் கன்னம் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தபடி நின்றீர்கள். ரத்தமும் லவங்கமும் கலந்து உங்கள் மேல் வாசனை அடித்தது. "அக்கா" என்று உங்கள் தம்பி ஓடி வந்தார். வாயில் இருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, வாயைப் பிளந்து அவருக்குக் காட்டினீர்கள். "நல்லா பாரு. உன் மாமன் அட்ச்சது இதான்."

அவர் முகம் தொங்கிப்போனது. "தப்பா நெனச்சிட்டேன்க்கா. மாமாதான் சொன்னாரு" என்றார். "நான் சொம்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான்" என்றார் என் அண்ணன். "தெரியாம நடந்துபோச்சி, வுடுங்கடா" என்று உங்கள் அம்மா. எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆண்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் அம்மா உலை வைக்கப் போனார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அண்ணி. தப்பாக நினைத்து அடித்த அடி, அவ்வளவுதானே என்று எனக்கே தோன்றிவிட்டது.

உங்களுக்குத் தோன்றவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உங்கள் தம்பியை ஓங்கி ஓர் அறை அறைந்தீர்கள். அறைந்த வேகத்தில் உங்கள் வாயிலிருந்து ரத்தம் கொட்டி ரவிக்கை நனைந்தது.

"தப்பா நெனச்சியா? அப்ப இவங்க அண்ணன் நெஜமாவே என்னை அட்ச்சிருந்தா, இவளை அட்ச்சது சரியா? சொல்றா!"

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பினீர்கள். "நீயும்தான கை ஓங்கின, நீ சொல்லு." அவர் வண்டி மாட்டைப் பார்த்தார். "அவன் அடிக்கறதுக்கு இவ, நீ அடிக்கறதுக்கு நானா? இவ இன்னா பண்ணா?" என்று கத்தினீர்கள். குரல் கொழகொழவென்று வந்தது. ஆனாலும் களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

பிறகு என்னைப் பார்த்து, "வரியா, இருக்கியா?" என்று கேட்டீர்கள். என் கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் தாய் வீடு போனால் உங்களை இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதான் வழக்கம். உங்களுக்கும் தெரியும். "அனுப்பட்டும் பாக்கலாம்" என்று கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினீர்கள். திருப்புலிவனத்தில் என் அம்மா வாசலில் நின்று கத்தினாள். நீங்கள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், எனக்கும் உங்களுக்கும் கஞ்சி ஆற்றினீர்கள். இரண்டு பேராலும் மெல்ல முடியவில்லை.

ஆடி கழிந்து உங்கள் தம்பி வந்தார். வாசலிலேயே நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டீர்கள். "அதான் தப்பா நெனச்சிட்டேன்னு சொன்னேனேக்கா" என்றார். ஆனாலும் நானாகத்தான் அவரோடு கிளம்பினேன். "பதில் சொல்லாத ஆளு. பாத்துக்கோ" என்றீர்கள்.

அதன் பிறகு அவர் கை நீட்டவில்லை. ஊரில் திருந்திவிட்டார் என்றார்கள். எனக்குத் தெரியும், அது உங்கள் மேல் இருந்த பயம். கை ஓங்கும்போதெல்லாம் கண் ஒரு தடவை தெருப் பக்கம் போய் வரும். உங்கள் காரியம் முடிந்து வந்த மாதமே, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சோற்றுத் தட்டை என் மேல் வீசினார். பார்வை தெருப் பக்கம் போகவே இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, அண்ணி. இனி யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

இன்று மத்தியானம் கழனியிலிருந்து வந்தவர், படுத்திருந்த மகளின் கன்னத்தைப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. "எவன் அட்ச்சது? அந்தப் பையனா?" என்று கத்திக்கொண்டே சட்டையை மாட்டினார்.

பல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார். நான் சொல்லவில்லை. மகளையும் கண்ணாலேயே அடக்கினேன். வாசற்படியில் போய்க் குறுக்கே நின்றேன்.

"அவன்தான்னு வச்சிக்குவோம். அவன் தங்கச்சி உத்திரமேரூர்ல பள்ளிக்கூடம் போய்க்கினு கீது. போய் அதை அட்ச்சிட்டு வரீங்களா?" என்றேன்.

என்னை வெறித்துப் பார்த்தார். "உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சி, பாவம்" என்றார்.

"நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டேன்.

சட்டைப் பொத்தானில் இருந்த அவர் விரல் நின்றுவிட்டது. நானும் நகரவில்லை. கேட்டுவிட்டேன், அண்ணி. நீங்கள் பக்கத்தில் இல்லாமல், நானே கேட்டுவிட்டேன்.