அவள்தான் எப்போதும் அம்மா

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் எழுத நேரமில்லை என்றால் பொய். நேரம் இருந்தது, சொல்லத்தான் எதுவும் இல்லை. உன் முதுகுவலி தேவலையா?

மகளுக்கு மூன்றரை வயது. எடை ஏறவில்லை என்று மருத்துவரிடம் இரண்டு முறை காட்டினேன். பிள்ளை நல்லாத்தான் இருக்கா, நீங்க கொஞ்சம் தூங்குங்க என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்காரருக்கு இந்த மாதமும் வெளியூர் வேலை. ஃபோனில் சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டேன் என்பேன், அத்தோடு சரி.

செவ்வாய்க்கிழமை மழலையர் பள்ளியில் அவளை அழைக்கப் போனபோது டீச்சர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். வீட்டு விளையாட்டில் எப்போதும் இவள்தான் அம்மாவாம். யாருக்கும் விட்டுத் தரமாட்டாளாம். சமைப்பதில்லை, பொம்மையைக் குளிப்பாட்டுவதில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாளாம். மற்றப் பிள்ளைகள் வந்து, அம்மா பசிக்குது, அம்மா இவன் அடிக்கிறான் என்றால், திரும்பிப் பார்க்காமலே, ஒண்ணுமில்ல, போய் விளையாடு என்பாளாம். என்னமா நடிக்கிறா, அப்படியே பெரிய மனுஷி என்றார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குக்கரை ஏற்றினேன்.

பிள்ளை முதலில் பக்கத்தில் இருப்பவர்களாக நடித்துப் பார்க்கிறது, நடித்து நடித்துத்தான் அதற்குள் 'நான்' என்று ஒன்று உண்டாகிறது என்று கல்லூரியில் சமூகவியல் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேனே. பதினைந்துக்குப் பதினான்கு. என்னைப் பார்த்து எழுதிய நீ ஒன்பது வாங்கிவிட்டு, என் கையெழுத்துதான் காரணம் என்று ஒரு வாரம் சண்டை போட்டாய்.

டீச்சர் சொன்ன மறுநாளிலிருந்து மகள் முன்னால் வேண்டுமென்றே சிரித்துப் பார்க்கிறேன். முதல் தடவை என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, யாரும்மா வந்திருக்காங்க என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

அதனால்தான் கேட்கிறேன். ஒரு நான்கு நாள் வந்து இரு. ஆறுதல் எதுவும் வேண்டாம். அந்தக் கையெழுத்துச் சண்டையையே மறுபடி ஆரம்பி. நான் கத்துவதை, வயிறு வலிக்கச் சிரிப்பதை அவள் பார்க்கட்டும். விளையாட்டில் எடுத்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு அம்மாவும் இருக்கட்டும்.

வருகிற நாளை மட்டும் சொல்லாதே. சொன்னால் வீட்டைப் பெருக்கி, முகத்தையும் தயார் செய்து வைத்துவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ மட்டும் கூப்பிடும்,
வாயாடி