மிளகுத் தோட்டத்துக்கு வந்த பாட்டு

அன்புக் கண்ணுக்கு,

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்றாலும், தமிழில் என்னை மிஞ்ச இந்த வளப்பூர் நாட்டு மலையூர்களில் ஆள் கிடையாது.

நம்மூர்ப் பள்ளியில் நீ கவிதை வாசித்தால் பிள்ளைகள் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்கள், பொங்கல் லீவோடு இடமாற்றம் கேட்கப்போகிறேன் என்றாயே. நேற்று நடந்ததைக் கேள்.

நம் தோட்டத்தில் மிளகு பறிப்பு. கொடி படர்ந்த மரங்களில் ஏறியவர்கள் இலைக்குள் மறைந்துவிடுவதால், பத்திரமாக இருக்கிறோம் என்று காட்ட அவ்வப்போது குரல் கொடுப்பார்கள் அல்லவா? பறிக்க ஏறியிருந்த பாப்பாயி வழக்கம்போல் "ஓய்" என்று கூவவில்லை. "மழையே மெல்ல இறங்கு" என்றாள். அடுத்த மரத்திலிருந்து "மலையின் தோளில் உறங்கு" என்று பதில் வந்தது. உன் வகுப்பில் வாயே திறக்காத பாப்பாயியின் மகள், நீ வாசித்த அந்தக் கவிதையை வீட்டில் ஓயாமல் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடமாக்கிவிட்டாளாம்.

நான் சும்மா இருப்பேனா? மூன்றாவது அடியைச் சொந்தமாகக் கட்டி என் மரத்திலிருந்து முழங்கினேன். அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையே வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கும்.

"ஏனுங்க, கத்தியே மரத்தைச் சாய்ச்சுப்போடாதீங்க!" என்று பாப்பாயி சிரித்தாள்.

கீழே மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த அவள் மகள் அண்ணாந்து பார்த்து அதட்டினாள்: "அது இல்லீங்க தாத்தா! மிச்சத்தை லீவு முடிஞ்சு வந்து படிக்கிறேன்னு டீச்சரு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் யாரும் சேர்க்கக் கூடாது!"

மரத்தின்மேல் இருந்த நாங்கள் அத்தனை பேரும் பழையபடி "ஓய்" என்றே கூவத் தொடங்கினோம்.

மிச்சம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? அவளுக்காகத்தான் கேட்கிறேன். பள்ளி திறக்கும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கப்போகும் உன் தாய்மாமன்