பூக் கேட்டு நிறுத்திய வண்டி

என் கண்ணு பழனியம்மா,

அன்றைக்குக் கருப்பன் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. நான் இருந்தேன். என் மகன், உன் புருசன் சேகர் இருந்தான். என் வீட்டுக்காரருக்கு அண்ணனும் அந்தக் கோயில் பூசாரியுமான காளியண்ணன் இருந்தார். அவர் சம்சாரம் அலமேலு இருந்தாள். கீழே இருந்து மலைக்கு வேலைக்கு வந்த நர்ஸ் ஸ்டெல்லா இருந்தது. உன் மகள் சிந்து இருந்தாள். கயிற்றுக்கட்டிலில் நீ கிடந்தாய். ரோட்டோரம் ஆம்புலன்ஸ் நின்றது.

மூட்டுக்கு மூட்டு முறித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்று விடிந்ததிலிருந்து சொன்னாய். கண்ணெல்லாம் மஞ்சள். மூச்சு வாங்கியது. ஸ்டெல்லா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "இப்பவே சேலத்துக்கு எறக்கணும்மா, யோசிக்க நேரமில்ல" என்றது.

"கருப்பன்கிட்ட வாக்குக் கேக்காம எங்கூட்டுல எதுவும் செஞ்சதில்ல" என்றார் காளியண்ணன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் உன்னை இறக்கலாம், சிவப்பு வந்தால் ஆகாது. சின்னப் பிள்ளை கைதான் எடுக்க வேண்டுமாம். "எடு சாமி" என்று சிந்துவை முன்னால் தள்ளினார். சிவப்பு வந்தது.

"இது தேவனூர் நாட்டுல இருந்து இவ கொண்டாந்த பாவம். இவங்க அப்பன் ஊட்டுல எவனோ பொய்ச்சத்தியம் பண்ணியிருக்கான். வம்சத்துல எறங்குது. ஊசிக்கு அடங்குமா?" என்றார். உன் அப்பன் என் கூடப்பிறந்த அண்ணன். அதே வீட்டிலிருந்துதான் நானும் மலையின் இந்தப் பக்கம், ஆலத்தூர் நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். உன்னைச் சொன்னால் என்னைச் சொன்னதுதானே? சேகர் வாயே திறக்கவில்லை. நான் கத்தியது யார் காதில் ஏறியது? "பொம்பளைக்கு என்னத்துக்கு இத்தனை சத்தம்" என்று அலமேலு என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

வண்டி வெறுமனே திரும்பியது. உனக்குப் பேச்சு நின்ற பிறகுதான் வாடகை ஜீப்பில் ஏற்றினார்கள். வளைவெல்லாம் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி தெரிவதற்குள் நீ போய்விட்டாய்.

அதற்கு முன்னால் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் எடுத்த உன் ரத்தத்துக்கு முடிவு, நீ போன பிறகு வந்தது. உன் ரத்த அணு உருண்டையாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்திருந்ததாம். அம்மா பக்கம் ஒன்று, அப்பன் பக்கம் ஒன்று, இரண்டும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோயாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளியே தெரியாதாம். பிறகு எங்களையும் சோதித்தார்கள். எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது. சிந்துவுக்கும் ஒரு பக்கம்தான், பயமில்லை.

முடிவு சொன்ன டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. "சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டே இருந்தா இப்படித்தான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாவம் இறங்குகிறது என்றவரும், ரத்தத்தில் இறங்குகிறது என்றவரும் என் செத்துப்போன பெரியவர்களைத்தான் கை காட்டினார்கள். இரண்டும் எனக்குச் சுட்டது. ஆனால் டாக்டரிடம் மாத்திரை இருந்தது. அது உன் வாய்க்கு வரவே இல்லையே கண்ணு.

போன மாதம் சோதனைச் சீட்டு வாங்க சிந்துவைக் கூட்டிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை வாங்குகிற வரிசையில் காளியண்ணன் நின்றார். பக்கத்தில் அவர் மகள் பெற்ற பேத்தி.

"ஏஞ்சாமி, உனக்கு என்ன?" என்று கேட்டேன்.

"சிந்து அம்மாவுக்கு வந்த அதே கை கால் வலிதான். ஒண்ணாவது படிக்கறப்ப இருந்தே மாத்திரை சாப்பிடறேன்" என்றது பிள்ளை. இப்போது அது நாலாவது படிக்கிறது. நீ போய் ஒரு வருசம்தான் ஆகிறது.

"மெதுவாப் பேசு. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?" என்றார் அவர்.

"இவளை எறக்கறதுக்குக் கருப்பன் என்ன பூக் குடுத்தாருங்க மாமா?"

வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

உன் நோய்க்குப் பெயர் தெரிந்தால் சொந்தம் முழுக்கச் சோதிப்பார்கள், அவர் வீட்டு நோயும் வெளியே வரும். அதற்குத்தான் வண்டியை நிறுத்தினார். இரண்டு பொட்டலத்தையும் மடித்தது அவர் கைதானே?

சிந்து இப்போதெல்லாம் தலையில் பூ வைக்க விடுவதில்லை. "அப்பத்தா, நான் இன்னொரு பொட்டலத்த எடுத்திருந்தா அம்மா இருந்திருக்குமா?" என்று கேட்கிறாள். அதற்கு நான் என்ன சொல்ல? நீயாவது கனவில் வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அவள் கை இனி எந்தப் பொட்டலத்தையும் எடுக்காது. அவளைக் கேட்டு எவன் வந்தாலும், முறை மாப்பிள்ளையே ஆனாலும், ரத்தம் சோதித்துக் காட்டாமல் என் வாசல் ஏற முடியாது. அந்தப் பேத்தியின் நோயை நான் ஊரில் சொல்லவும் மாட்டேன். அது என்ன செய்யும் பாவம்.

பேசாமல் நின்ற சேகரை மன்னித்துவிட்டேன், என் வயிற்றில் பிறந்தவன். கருப்பனையும் மன்னித்துவிட்டேன், அவரா கேட்கச் சொன்னார்? எல்லாம் தெரிந்தே உன் குழந்தையின் கையால் உன்னை நிறுத்திய காளியண்ணனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன் அப்பனோடு ஒரே வயிற்றில் பிறந்த,
உன் அத்தை