சீனிக்குள் பட்டினி

செவ்வாய், 12 மே 1992. சுன்னாகம்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. மைதானத்துப் புழுதி முழுதும் என் மேசையில். உயர்தர வகுப்புக்குக் கலச்சுவாசப் பரிசோதனை. முளைத்த பயறு சூடு ஆறாத ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலில், அவித்த பயறு மற்றதில். இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்தாயிற்று. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், சைக்கிள் ரியூப், பற்றரி. பற்றரிக்குத் தடை, கிடைக்காது. எழுதுவானேன்.

ஜெசிந்தா இன்றும் மேசையில் தலை வைத்து நித்திரை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. போன தவணை விலங்கியலில் முதலாவது. "நித்திரை கொள்ளவோ பள்ளிக்கூடம் வாறனீ?" என்று கத்தினேன். எழும்பி நின்றாள். "தண்ணி குடிச்சிட்டு வரட்டோ மிஸ்?" ஒரே பாடத்தில் மூன்றாம் தடவை. விடவில்லை.

வியாழன், 14

முளைத்த பயறு சூடேறியிருக்கிறது. அவித்தது ஆறிக் கிடக்கிறது. "நெருப்பில்லாமல் எப்பிடி மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"உன்ரை உடம்பும் அப்பிடித்தான். உடம்பிலை உள்ள உயிர்க்கலம் சாப்பாட்டை ஒரேயடியாய் எரிக்கிறேல்லை. கொஞ்சம் கொஞ்சமாய் உடைச்சுச் சக்தியை எடுக்குது. மிச்சம் வெக்கையாய்ப் போகுது."

ஜெசிந்தா வரவில்லை. இடைவேளையில் உப அதிபர் (இனி உ.அ.; முழுதாக எழுதக் கை கூசுகிறது) வரவுப் புத்தகத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "உவள் ஆரோ பெடியனோடை சிநேகமாம். அதுதான் உந்த மெலிவு. மீன்பிடிக்கிற கரைப் பக்கத்துப் பிள்ளையளுக்கு உயர்தரம் என்னத்துக்கு? பேரை வெட்டப் போறன்."

சிலர் சிரித்தார்கள். நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம். யாருக்குப் பிரயோசனம்?

சனி, 16

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். பின்னேரம் திரும்பி வந்து எழுதுகிறேன்.

தாய் படலையிலேயே அழத் தொடங்கிவிட்டார். "சாப்பிடுறாள் ரீச்சர். முந்தியிலும் கூடச் சாப்பிடுறாள். ஆனா உருகிப் போறாள். ரெண்டு நாளாய் எல்லாத்தையும் சத்தி எடுக்கிறாள். தெம்புக்கெண்டு குளுக்கோசு கரைச்சுக் குடுக்கிறன்."

"எவ்வளவு தண்ணி குடிக்கிறாள்?"

"குடம் குடமாய். ஒண்டுக்குப் போற இடத்திலை எறும்பு மொய்க்குது."

பாயில் கிடந்தாள். கன்னம் ஒட்டி, மூச்சு ஆழமாக இழுத்து இழுத்து. குனிந்தேன். மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாசம்.

பதினொரு வருடமாக இதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்! இன்சுலின் இல்லாவிட்டால் குருதியில் சீனி நிறைந்திருந்தும் கலத்துக்குள் போகாது. பட்டினி கிடக்கும் கலம் கொழுப்பை உடைக்கும், குருதி அமிலமாகும். கேள்வித்தாளில் வந்தால் முழுப் புள்ளி. அதே நீரிழிவு முன்வாங்கில் வந்து இருந்தபோது தண்ணீர் குடிக்கவும் விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கார், மண்ணெண்ணெயில் ஓடுவது. இருமி இருமி ஆசுப்பத்திரிக்குப் போனது. வழி முழுக்க அவள் தலை என் மடியில்.

ஞாயிறு, 17

உயிர் தப்பிவிட்டாள். டொக்டர் இளம் ஆள், கண்கள் சிவந்திருந்தன. "ஒரு நாள் பிந்திக் கொண்டு வந்திருந்தா நான் ஒண்டும் செய்திருக்கேலாது. இனி ஒவ்வொரு நாளும் இன்சுலின் போட வேணும்."

"மருந்து இருக்கோ?"

"இப்ப இருக்கு. அடுத்த மாசத்தைக் கேக்காதேங்கோ ரீச்சர்."

யுத்தத் தடை; கப்பல் வந்தால் உண்டு. வந்தாலும் எந்தப் பெட்டி இறங்கும், எது நிற்கும் என்று யாரோ பட்டியல் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் இன்சுலினால் யாருக்கு என்ன ஆபத்து? மின்சாரமும் இல்லை. மருந்தை ஈர மணலில் மண்முட்டி புதைத்து அதற்குள் வைக்கச் சொன்னார் டொக்டர். தாய்க்கு எழுதிக் கொடுத்தேன்.

புதன், 20

உ.அ.விடம் போனேன்.

"அவளுக்கு நோயெண்டு சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டனீங்களோ சேர்? சிநேகம் எண்டு சொன்னனீங்கள். நானும் கேக்கேல்லை, அது என்ரை பிழை. அவளின்ரை பேரை வெட்டேலாது."

"வகுப்பிலை விழுந்து செத்தா ஆர் பொறுப்பு?"

"நான்."

"எழுதித் தாங்கோ."

அவருடைய பேனையையே வாங்கி, நின்றபடி எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். வரவுப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது. மன்னிப்பு மட்டும் அவர் வாயில் வரவில்லை.

திங்கள், 1 யூன்

ஜெசிந்தா வந்தாள். சட்டை தொளதொளவென்று. ஊசி போடுவதை மற்றப் பிள்ளைகள் பார்த்தால் பயப்படுவார்களாம், களஞ்சிய அறைக்குள் போய்ப் போடட்டுமாம். உ.அ.வின் புது உத்தரவு. தும்பும் தூசியும் எலிப் புழுக்கையும் உள்ள அறை!

மத்தியானம் ஆசிரியர் அறைக்குக் கூட்டி வந்து என் கதிரையில் இருத்தினேன். "வெக்கமாய்க் கிடக்கு மிஸ்."

"உனக்கேன் வெக்கம்? போடு."

எல்லாரும் பார்த்திருக்க, தொடையில் தானே ஏற்றினாள். உ.அ. எழும்பி வெளியே போனார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள், புட்டும் மீன்குழம்பும். ஆறுதலாகச் சாப்பிட்டாள். நான் இன்சுலின் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஏழு நாளைக்குப் போதும்.