பெட்ரோல் டாங்கியில் துளசி

கல்கத்தா, பவானிப்பூர்
28-8-1921

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படற அளவுக்குத் தெம்பாவே இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற வாண்டும் சௌக்கியமான்னு எழுது.

கம்பெனி துரை சண்டைக்குப் போறச்சே என் பொறுப்புல விட்டுட்டுப் போன சீமைக் கார் ஞாபகம் இருக்கா, நீ அது மேல ஏறி உக்காந்து அடி வாங்கினியே, அதான். துரை திரும்பவேயில்லை. ஏழு வருஷம் காவல் காத்தவன் நீயே வெச்சுக்கோ பாபுன்னு அவர் தம்பி ஷெட் சாவியைக் குடுத்துட்டார். பிரசவத்துக்கு வரப்போற உன்னை ஹவுரா ஸ்டேஷன்லேர்ந்து அதுலதான் அழைச்சுண்டு வரதுன்னு சபதம் பண்ணிட்டேன். போன தடவை குதிரை வண்டி குலுக்கினதுல என்ன ஆச்சுன்னு நான் எழுத வேண்டாம்.

ஹவுராவிலேர்ந்து நிபாரண்னு ஒரு மிஸ்திரி வந்து எலிக்கூட்டை எடுத்தான், துருவைச் சுரண்டினான், புது டயர் மாட்டினான். போன வாரம் வெள்ளிக்கிழமை ஹாண்டிலைச் சுத்தினதும் வண்டி என்னை மாதிரியே ரெண்டு இருமல் இருமிட்டுத் தெருக்கோடி வரை ஓடித்து. சனிக்கிழமை காலம்பற எத்தனை சுத்தினாலும் மூச்சு பேச்சு இல்லை. எனக்கு நிபாரண் மேலதான் சந்தேகம், பெட்ரோலை உருவிட்டானோன்னு டாங்கியில குச்சியை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் ஆறு விரக்கடை இருந்தது, இப்போ ஏழு! எடுத்துண்டு போற திருடனைத் தெரியும், ஊத்திட்டுப் போற திருடனைப் பத்தி நாலாங்கிளாஸ் வரைக்கும் எந்த வாத்தியாரும் சொல்லித்தரலை. பெட்ரோலை உருவிட்டு மண்ணெண்ணெய் கலந்துட்டான்னு தீர்மானம் பண்ணி, ஆள் விட்டு அவனை வரவழைச்சு, தெருவே பார்க்கத் திருடான்னுட்டேன். அவன் டாங்கியோட அடித்திருகைக் கழட்டினான். முதல்ல வந்தது தண்ணி, தண்ணியோட ஒரு துளசி இலை. அதை உள்ளங்கையில வெச்சுண்டு, மொஷாய்னு மரியாதையாவே கூப்பிட்டு, சாராயம் குடிக்கறவன் கிட்ட துளசி ஏது, உங்க வீட்டுக்குள்ள போய்த் தேடுங்கோன்னான்.

தேடவே வேண்டாம், உன் அம்மா வாசலுக்கு வந்துட்டா. ஆமாம் நான்தான், மாட்டுத்தோல் சீட்டு, எந்த துரை எதைத் தின்னுட்டு உக்காந்தானோ, கங்கா ஜலம் விடாம பிள்ளைத்தாச்சிப் பொண்ணை அதுல ஏத்துவேளோ, கண்ணுல பட்ட ஓட்டையிலெல்லாம் விட்டேன்னாள். ஒரு செம்பு முழுக்கடீ! சிரிக்க வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அவ, போன தடவை மாதிரி ஆயிடப்படாதுன்னுதான்னு முந்தானையால முகத்தைத் துடைச்சுண்டா. நான் வாயை மூடிண்டேன்.

நிபாரண் கையைப் பிடிச்சு மன்னிச்சுக்கோடா அப்பான்னேன், அதே தெரு பார்க்கத்தான். அம்மா அவனுக்கு ஆறு தோசை வார்த்தா. டாங்கியை அலசிக் காயவெச்சுட்டான், வண்டி இப்போ காளிகாட் வரைக்கும் போயிட்டு வரது. ஆனாலும் டாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கேன். சாவி எங்கேன்னு உன் அம்மா ரெண்டு நாளா ஏன் கேக்கறா, நீயே சொல்லு.

உனக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராது, காளி பார்த்துப்பா. வழியில கண்ட தண்ணியைக் குடிக்காதே. ஹவுராவுல இறங்கினதும் வண்டியை மோந்து பாரு. பெட்ரோல் நாத்தம் அடிச்சா தைரியமா ஏறு. துளசி வாசனை அடிச்சாலும் ஏறி உக்காந்துக்கோ, நானும் உன் அம்மாவும் பின்னாலேர்ந்து தள்ளறோம்.

இப்படிக்கு,
சந்தேகப் பிராணி, உன் அப்பா
மஹாதேவன்